வெறுமைக்கு இரண்டு வாசல் வேண்டாம்

வணக்கம். இலக்கண விதிகளிலிருந்து பகுப்பான் (parser) நிரலை உருவாக்கும் கருவியான பைசன் (Bison), வாதங்கள் (arguments) எதுவும் இல்லாத காலியான அழைப்பு ( ) காரணமாக 'ரெடியூஸ்/ரெடியூஸ்' முரண் காட்டுகிறது, அதாவது ஒரே இடத்தில் இரண்டு விதிகள் பொருந்துவதாகச் சொல்கிறது; ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் விதிகளைப் பாருங்கள் ('காலி' என்றால் எதுவுமே இல்லை, '|' என்றால் 'அல்லது'): 

வாதங்கள் → காலி | பட்டியல்
பட்டியல் → உறுப்பு | பட்டியல் , உறுப்பு
உறுப்பு → காலி | எண்

( ) என்பதைப் பட்டியலே இல்லை என்றும் படிக்கலாம், காலி உறுப்பு கொண்ட பட்டியல் என்றும் படிக்கலாம். பைசன் கோப்பில் முதலில் வரும் விதியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையோடு விட்டுவிடும். அதை நம்பாதீர்கள். நாளை விதிகளின் வரிசையை மாற்றினால், உள்ளீட்டைப் பகுத்துக் கிடைக்கும் மரமே (parse tree) மாறிவிடும்.

உறுப்பில் இருக்கும் 'காலி'யை எடுத்துவிடுங்கள், போதும். (1, 2,) என்பது போன்ற கடைசிக் காற்புள்ளிக்காகத்தான் அதை வைத்தீர்கள் என்றால், அந்த வசதியை மேலேயே கொடுங்கள்:

வாதங்கள் → காலி | பட்டியல் | பட்டியல் ,

அப்புறம் காற்புள்ளிக்குப் பின் ')' வந்தால் முடிவு, எண் வந்தால் அடுத்த உறுப்பு. அடுத்து வரும் ஒரே டோக்கனை (எண், காற்புள்ளி, அடைப்புக்குறி போன்ற ஓர் அலகை) முன்பார்த்தாலே தெளிவாகிவிடும்.