அந்த 50 எந்த 50? குப்பியில் வரும் எடைக்குறைப்பு ஊசி: கேள்வி பதில்

நீரிழிவு சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளுக்கு ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுத்தரும் செவிலியர் நான். எடைக்குறைப்பு மருந்தைக் குப்பியிலிருந்து அளந்து எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்வது மருத்துவர். அவர் எழுதிய அளவு அப்படியே சிரிஞ்சில் ஏறுகிறதா என்பதுதான் என் கவலை.

ஈரோட்டிலிருந்து: சிஸ்டர், சீட்டில் மவுன்ஜாரோ 2.5 மி.கி. என்று இருக்கிறது. சிரிஞ்சில் 10, 20, 30 என்றுதான் கோடுகள். 2.5 எங்கே?

தேடினாலும் கிடைக்காது, ஐயா. மவுன்ஜாரோ என்பது டிர்செபடைட் என்ற மருந்தின் வணிகப் பெயர். சிரிஞ்சுக்குத் தெரிந்தது கன அளவு மட்டும். உள்ளே இருப்பது மருந்தா தண்ணீரா என்றுகூட அதற்குத் தெரியாது. எத்தனை மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதைக் குப்பியின் லேபிள்தான் சொல்லும். உங்கள் குப்பியில் '2.5 மி.கி./0.5 மி.லி.' என்று இருக்கும். ஆகவே நீங்கள் எடுக்க வேண்டியது 0.5 மி.லி. 1 மி.லி. சிரிஞ்சில் 0.01 மி.லி.க்கு ஒரு கோடாகப் பிரித்திருப்பதை வாங்குங்கள், கணக்கே தேவையில்லை. இன்சுலின் சிரிஞ்சுதான் கிடைத்தது என்றால் 100 யூனிட் வகையில் 0.5 மி.லி. என்பது 50ஆம் கோடு. கடைக்காரர் சொன்னார் என்று 2.5ஆம் கோடு வரை இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உடம்பில் ஏறியது இருபதில் ஒரு பங்கு மருந்துதான். 'மருந்து வேலையே செய்யவில்லை' என்று புகார் வேறு.

மதுரையிலிருந்து: அப்பாவின் இன்சுலின் சிரிஞ்சு வீட்டில் நிறைய இருக்கிறது. சிவப்பு மூடி. அதையே பயன்படுத்தலாமா?

நம் ஊரில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 மி.லி. என்பது 40ஆம் கோடு, அரை மி.லி. 20ஆம் கோடு. ஆரஞ்சு மூடியில் அதே அரை மி.லி. 50ஆம் கோடு.

யாரோ '20 வரை இழு' என்று சொல்லி, உங்கள் கையில் ஆரஞ்சு மூடி இருந்தால், ஏறுவது 0.2 மி.லி. மட்டும். மறுபுறம், பல வேளை மருந்து உள்ள குப்பியில் 100 யூனிட் சிரிஞ்சை நினைத்துச் சொன்ன '20'-ஐச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். 'எத்தனை யூனிட் போடுகிறீர்கள்' என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்காதீர்கள். இந்த மருந்துக்கு யூனிட் என்று ஓர் அளவே கிடையாது, அது இன்சுலினுடையது. மூடியின் நிறத்தையும் நம்ப வேண்டாம். சிரிஞ்சின் உடலில் 40 என்றோ 100 என்றோ அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

சென்னையிலிருந்து: குமிழி வந்துகொண்டே இருக்கிறது. அது உள்ளே போனால் ஆபத்தா?

தோலுக்கு அடியில் போடும் ஊசியில் சிறு குமிழியால் ஆபத்தில்லை. ஆனால் குமிழி அடைத்துக்கொண்ட இடத்தில் மருந்து இல்லை, அளவு குறையும். குமிழி வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் அவசரம். கையைக் கழுவி, குப்பியின் ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை பொறுங்கள். எடுக்கப்போகும் மருந்தின் அளவுக்கே, அதாவது 0.5 மி.லி., காற்றைச் சிரிஞ்சில் இழுத்துக் குப்பிக்குள் செலுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் குப்பிக்குள் அழுத்தம் குறைந்து, தண்டை இழுக்க இழுக்க அது பின்வாங்கும். பிறகு குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனை மருந்துக்குள் மூழ்கியிருக்க, மெதுவாக இழுங்கள். மருந்து தீரத் தீர முனையையும் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் காற்றைத்தான் உறிஞ்சும்.

குமிழி தெரிந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றி, குப்பிக்குள்ளேயே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். கடைசியில் சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். கறுப்பு ரப்பரின் எந்த விளிம்பைப் பார்ப்பது என்று பலருக்கும் குழப்பம். ஊசிப் பக்கம் இருக்கும் மேல் விளிம்புதான் கோட்டில் நிற்க வேண்டும், தண்டுப் பக்க விளிம்பு இல்லை.

சேலத்திலிருந்து: 5 மி.கி. குப்பி வாங்கி இரண்டு வாரத்துக்குப் பாதி பாதியாகப் போட்டால் பணம் மிச்சமாகுமே?

கணக்கு சரிதான். 2025 மார்ச்சில் இங்கே அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் அது ஒரு வேளைக்கான குப்பி. கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அதில் சேர்க்கப்படவில்லை. ஒருமுறை ஊசி நுழைந்த குப்பியை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி போடுவது சீழ்க்கட்டிக்கு வழி. சிரிஞ்சில் இழுத்து மூடி வைப்பதும் கூடாது. செலவு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடமே வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாற்று யோசிப்பார்.

திருச்சியிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் என் மகள் மருந்தகத்தில் கலந்து தரும் செமாக்ளுடைட் போடுகிறாள். புதுக் குப்பியிலும் வழக்கம்போல '10' வரை எடுத்தாளாம், இரண்டு நாளாக வாந்தி. ஏன் அம்மா?

செமாக்ளுடைட்டும் டிர்செபடைட்டைப் போன்ற எடைக்குறைப்பு ஊசிதான். இரண்டு குப்பிகளின் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிக் கலந்து தரும் மருந்தின் அடர்த்தி கடைக்குக் கடை, சில நேரம் குப்பிக்குக் குப்பி மாறும். பழையது மில்லிலிட்டருக்கு 2.5 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 யூனிட் சிரிஞ்சில் 10ஆம் கோடு என்றால் 0.1 மி.லி., அதில் 0.25 மி.கி. புதியது மில்லிலிட்டருக்கு 5 மி.கி. என்றால் அதே 10ஆம் கோட்டில் 0.5 மி.கி., நேர் இரட்டிப்பு. அங்கே 5ஆம் கோட்டில் நிறுத்தியிருக்க வேண்டும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் இதைப் பற்றியே எச்சரித்தது. நோயாளிகள் தவறாக அளந்ததிலும் மருத்துவர்களே தவறாகக் கணக்கிட்டதிலும் 5 முதல் 20 மடங்கு வரை மருந்து ஏறியிருக்கிறது, சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். படித்த டாக்டருக்கே புரளும் கணக்கு இது. உங்கள் மகள் இன்றே தன் மருத்துவரை அழைக்கட்டும். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போகட்டும்.

பெயர் வேண்டாம்: இணையத்தில் பொடியாக வாங்கினேன், 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. எத்தனை மி.லி. தண்ணீர் கலக்க வேண்டும்?

சொல்ல மாட்டேன். அந்தக் குப்பியில் எத்தனை மில்லிகிராம் என்பதே நிச்சயமில்லாதபோது என் வகுத்தல் கணக்கு எதற்கு உதவும்? உங்களுக்கு இந்த மருந்து தேவையா என்று ஒரு மருத்துவர் முதலில் பார்க்கட்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் இதைத் தொடவே கூடாது.

கோவையிலிருந்து: தெரியாமல் அதிகம் போட்டுவிட்டால் என்ன செய்வது?

எத்தனை மி.லி., எந்தக் குப்பி, எந்தச் சிரிஞ்சு, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். உப்பு நீரைக் குடித்து வாந்தி எடுக்க முயலாதீர்கள், தோலுக்கடியில் போன மருந்து வயிற்றிலிருந்து வராது. டிர்செபடைட் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 நாள் ஆகும், செமாக்ளுடைட்டுக்கு ஒரு வாரம். அதனால் முதல் நாள் நன்றாக இருந்தாலும் கவனம் தேவை. இன்சுலினோ கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழக்கூடும், அடிக்கடி சோதித்துப் பாருங்கள். முதுகு வரை பரவும் கடும் வயிற்றுவலி என்றால் கணையமாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து: ஞாயிறு ஊசியை மறந்துவிட்டேன்.

டிர்செபடைட் என்றால் 4 நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். அதற்கு மேல் விட்டுவிடுங்கள், அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

வேலூரிலிருந்து: 30 டிகிரிக்குள் 21 நாள் வெளியே வைக்கலாம் என்று போட்டிருக்கிறதே?

உங்கள் ஊர் மே மாதத்திலா? அறைக்குள்ளேயே 30 தாண்டிவிடும். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரீசர் பெட்டியை ஒட்டாமல் வையுங்கள். உறைந்துவிட்டால் உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக்கூடாது.

தஞ்சாவூரிலிருந்து: போட்டு முடித்த சிரிஞ்சை என்ன செய்வது?

கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் ஊசி கீழ்நோக்கி இருக்கும்படி போட்டு வையுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி, 'ஊசி' என்று எழுதுங்கள். 2016 திடக்கழிவு விதிகள் இதை வீட்டு அபாயக் கழிவு என்றே குறிப்பிட்டன, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். பல மருத்துவமனைகள் கேட்டால் வாங்கிக்கொள்கின்றன. பாலித்தீன் பையில் கட்டிப் போட்டால் குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்.