தியானத்துக்கு உட்காருமுன்: வாசகர் கேள்விகள்

சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் கால் மரத்துப்போகிறது, முதுகும் கூனிவிடுகிறது. வயது 54. நாற்காலியில் உட்கார்ந்தால் தியானம் ஆகாதா?
– வாசகி, திருச்சி

தாராளமாக ஆகும். ஆனால் தரையை விடுமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நின்று கவனிக்கச் சொல்லுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கிறதா? கோளாறு அங்கேதான். இடுப்பு பின்பக்கம் சரிகிறது, அதோடு முதுகு வளைகிறது, வயிறு மடங்கி மூச்சு மேலோட்டமாகிறது. இந்த நிலையில் எத்தனை முறை நிமிர்ந்தாலும் இரண்டு நிமிடத்தில் மறுபடி கூன் விழும். 'மனசு அடங்கவில்லை' என்று எழுதும் பலருக்கும் முதலில் சரிசெய்ய வேண்டியது இந்த உயரம்தான்.

மிக உயரமாகவும் இல்லாமல் மிகத் தாழ்வாகவும் இல்லாமல் ஆசனம் இருக்க வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயமே சொல்கிறது. அந்த உயரம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பழைய கம்பளியையோ கெட்டியான ஜமுக்காளத்தையோ 3 அங்குலத்துக்கு மடித்துப் பிட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். முழங்கால் இடுப்புக்குக் கீழே இறங்கும்வரை அங்குலம் அங்குலமாகக் கூட்டுங்கள். பெரும்பாலும் 4 முதல் 6 அங்குலத்தில் சரியாகிவிடும். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம். உட்கார உட்கார அமுங்கும், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக அமுங்கி உடம்பைச் சாய்த்துவிடும்.

மடிப்பின் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். முழுக்க ஏறி உட்கார்ந்தால் அதன் விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்தும். கால் மரத்துப்போவது பெரும்பாலும் இப்படி நரம்பு அழுந்துவதால்தான். ஒரு காலை இன்னொன்றின் மேல் ஏற்றாமல், முன்னும் பின்னுமாகத் தரையில் கிடத்துங்கள். கணுக்கால் எலும்பு தரையில் குத்தினால் அடியில் ஒரு துண்டு. ஒரு முழங்கால் அந்தரத்தில் நின்றால் அதற்கு அடியிலும் ஒரு துண்டு, இல்லாவிட்டால் அதைத் தாங்கியே இடுப்புத் தசை களைத்துவிடும். அப்படியும் மரத்தால் காலை மெல்ல நீட்டி, உணர்வு முழுக்கத் திரும்பிய பிறகே எழுந்திருங்கள். மரத்த காலை ஊன்றினால் பாதம் மடங்கி விழ நேரிடும். காலை நீட்டியும் நெடுநேரம் மரப்பு போகவில்லை என்றாலோ, முழங்காலுக்கு உள்ளே சுருக்கென்று குத்தினாலோ சம்மணத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

நாற்காலி என்றால் சாப்பாட்டு மேசையின் மர நாற்காலி நல்லது. சோபா உள்வாங்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் பகுதி பின்பக்கம் சரிந்திருக்கும். பின்விளிம்பில் ஒரு துண்டை மடித்து வைத்துச் சமமாக்கிக்கொள்ளுங்கள். சாயாமல் முன்பாதியில் உட்காருங்கள். பாதம் முழுதாகத் தரையில் படியாவிட்டால் காலடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள்.

அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் பலனா? எனக்கு ஷிஃப்ட் வேலை.
– வாசகர், ஓசூர்

கடிகாரத்தைவிட வயிறும் தூக்கமும் முக்கியம். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு 3 மணி நேரமாவது, டிபனுக்குப் பிறகு 2 மணி நேரமாவது போகட்டும். உங்களுக்கு ஏற்ற நேரம், தூங்கி எழுந்து பல் துலக்கியதும், காபிக்கும் மொபைலுக்கும் முன்பு. அது காலை ஐந்தாகவும் இருக்கலாம், பிற்பகல் மூன்றாகவும் இருக்கலாம். வாராவாரம் ஷிஃப்ட் மாறினாலும் பல் துலக்குவது மாறாது; அதோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். உட்காரும்போது தலை தொங்கினால் கண்ணைப் பாதி திறந்து நாலடி தள்ளித் தரையைப் பாருங்கள். தினமும் தொங்கினால் அது தூக்கக் கடன். முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

பத்து நாள் மௌனமாக இருந்து உடம்பின் உணர்வுகளைக் கவனிக்கப் பழகும் விபாசனா தியான முகாம் முடித்தேன். வீட்டில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, இரண்டே வாரத்தில் விட்டுப்போயிற்று.
– வாசகி, கோவை

முகாமில் காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், வேளைக்குச் சாப்பாடு வரும், போனை வாங்கி வைத்துவிடுவார்கள், யாரும் பேச மாட்டார்கள். அத்தனை ஏற்பாட்டையும் பிறர் செய்து கொடுத்தார்கள். வீட்டில் அதைச் செய்ய வேண்டியவர் நீங்கள். அதற்கு முன்பே ஒரு மணி நேரத்தைத் தூக்கியதுதான் சறுக்கிய இடம்.

இரண்டு வேளையும் ஒரு மணி நேரம் என்பது அந்த மரபின் அறிவுரை. அதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குக் காலையில் 20 நிமிடம், மாலையில் 10. இரண்டு வாரம் ஒரு நாளும் விடாமல் நடந்தால் காலையில் 5 நிமிடம் கூட்டுங்கள். நடுவில் விட்டுப்போனால் கூட்டாதீர்கள். விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக உட்காரவும் வேண்டாம், அந்தப் பாரத்திலேயே மூன்றாம் நாள் நின்றுவிடும். மனசு அலைபாயும் நாளில் உடம்பின் உணர்வுகளைப் பார்க்கப் போகாமல், மூக்கு நுனியில் மூச்சு உரசும் இடத்தை மட்டும் கவனிக்கும் ஆனாபானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முகாம் முடித்தவர்கள் சேர்ந்து உட்காரும் கூட்டு அமர்வு பக்கத்தில் நடந்தால் தவறாமல் போங்கள்.

ஒரே படுக்கையறை உள்ள வீடு, இரண்டு குழந்தைகள், டிவி சத்தம். எங்கே உட்கார்வது?
– வாசகர், ஆவடி

சுவரைப் பார்த்து ஒரு பாய் விரிக்கும் இடம் போதும், ஆனால் தினமும் அதே இடமாக இருக்கட்டும். கட்டில் மெத்தை வேண்டாம். அது உள்வாங்கும், தூக்கத்தையும் கூப்பிடும். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். கொசுவுக்குச் சாயங்காலமே ஜன்னலைச் சாத்துங்கள். மூடிய அறையில் கொசுவத்தியோ ஊதுவத்தியோ புகைய உட்கார்ந்தால் தொண்டை கரகரக்கும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மெல்லிய ஒலியில் டைமர் வைத்து, முதுகுக்குப் பின்னால் கைக்கு எட்டாமல் வையுங்கள். எட்டினால் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கை போகும். குழந்தைகளிடம் 'சத்தம் போடாதே' என்பதைவிட 'டைமர் அடித்ததும் வருகிறேன்' என்று சொல்லுங்கள், அவர்களுக்கும் ஒரு கணக்கு கிடைக்கும். டிவி சத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். எண்ணிக்கை தவறினாலும் ஒன்றிலிருந்துதான். எண்ணுவதற்காக மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், நெஞ்சு இறுகும்.

மனப் பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தியானம் தொடங்கினால் மாத்திரையை விட்டுவிடலாமா?
– வாசகி, மதுரை

கூடாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் முடிவு. தியானம் தொடங்குவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் சரி என்றால் கண்ணைத் திறந்தபடி, நாற்காலியில், 5 நிமிடம் போதும். மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுவது சிலருக்கு உண்டு. அப்படியானால் மூச்சை விட்டுவிட்டு, உள்ளங்கால் தரையில் படும் உணர்வைக் கவனியுங்கள். அப்போதும் பதற்றம் ஏறினால் உடனே எழுந்துவிடுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதையும் சொல்லுங்கள்.