எத்தனை படி முங்கியிருக்கு?

அக்கா, வணக்கம். மயிலாடுதுறையில பேங்க் வேலை. காலேஜ்ல நிறைய வரைவேன், இப்ப ஆறு வருஷமா ஒண்ணும் இல்ல. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்து சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்குன்னு ஒரு ப்ராஜெக்ட் வேணும்னு வாட்டர்கலர், பேப்பர் எல்லாம் வாங்கினேன், மூணு மாசமா பிரிக்கவேயில்ல. வரையவா, கதை எழுதவா? இன்ஸ்டாவுல பேஜ் ஆரம்பிச்சா ஒரு கட்டாயம் வருமா?
ர.

தம்பி,

இன்ஸ்டாவ விடு. வரையிறதா எழுதுறதாங்கறதும் அப்புறம். அந்த பிரிக்காத பெட்டியப் பத்திப் படிச்சதும் எங்க சித்தப்பா நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு, போன வாரம்தான் அத எடுத்துவெச்சு படிச்சுக்கிட்டிருந்தேன்.

தஞ்சாவூர் பாபநாசம் பக்கம், காவிரிலேர்ந்து பிரியுற குடமுருட்டி ஆத்தங்கரையில வீடு. ரைஸ்மில்லுல கணக்கு எழுதுறவரு, பத்தாவது தாண்டல. சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வழியில படித்துறையில நின்னு எத்தனை படி முங்கியிருக்குன்னு பாத்து, பழைய கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துலேர்ந்து எழுதிக்கிட்டே வருவாரு. 'ஏழு. கலங்கல்.' 'ஆறரை. தெளிவு.' அவ்வளவுதான்.

2012ல மேட்டூர் டேம வழக்கமா தொறக்குற ஜூன் 12ல தொறக்கல, செப்டம்பர் 17தான் தொறந்தாங்க, குறுவை நெல்லு போச்சு. நீயா இருந்தா நோட்ட மூடிவெச்சிருப்ப. அவரு தினம் போய் நின்னுருக்காரு. மொத பத்து நாள் வெறும் 'இல்ல', 'இல்ல'. அப்புறம் பாரு, 'இல்ல. கடைசிப் படிக்குக் கீழ இன்னொரு படி இருக்கு, இன்னிக்குத்தான் பாத்தேன்.' 'இல்ல. பயலுவ ஸ்டம்பு நட்ட குழியில ஈரம்.' 'இல்ல. நாணல் வேரு என் கை நீளம்.' தண்ணி ஓடின வருஷமெல்லாம் நம்பர் போட்ட மனுஷன், தண்ணி இல்லாதப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்காரு.

நீ என்னடான்னா மனசு ஊறட்டும்னு காத்துக்கிட்டிருக்க. மூணு மாசம்னா 90 சாயங்காலம், அதுல ஒரு நாளாவது எதையாவது நின்னு பாத்தியா? உன் கவுண்டருக்கு நாத்து பறிச்ச கை வருது, வெத்தல கிள்ளுற கை வருது, சேறு போகாத நகம் வருது, ஒரு நாளைக்கு ஒரு கைய பழைய சலான் பின்பக்கத்துல வரையறதுக்கு எதுக்குடா அவ்வளவு பெரிய பெட்டி? சுவத்தப் பாத்துக்கிட்டுன்னு எழுதியிருந்தியே, அந்த வரிய ரெண்டு தடவ படிச்சேன், மனசு கேக்கல, அதனாலதான் இவ்வளவு திட்டுறேன். வரையத் தோணலன்னா 'இல்ல'ன்னு தேதி போட்டு எழுது.

எட்டு வருஷம் கழிச்சு 2020லதான் மறுபடி ஜூன் 12லயே மேட்டூர தொறந்தாங்க. நுரையும் சருகுமா தண்ணி எங்க ஊருக்கு வந்து சேந்த அன்னைக்கு எழுதியிருக்காரு: 'ராத்திரி ஒம்பது. டார்ச் அடிச்சுப் பாத்தேன். அன்னிக்குப் பாத்த அந்தப் படிதான் மொதல்ல முங்குச்சு.'