ரோமா வாலிபர்களுக்கான கிறிஸ்தவ முகாமில் தன்னார்வலராகப் போக என்ன தயாரிப்பு வேண்டும்?

கேள்வி இது: ஜூலையில் கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ரோமா வாலிபர்களுக்கு (ரோமா என்பவர்கள் இந்தியாவிலிருந்து போய் ஐரோப்பாவில் வாழும் சிறுபான்மை மக்கள்) நடக்கும் ஒரு வார முகாமுக்கு எங்கள் சபையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன தயாரிப்பு வேண்டும், எங்கே சிக்கல் வரும்?

முதலில் கூப்பிட்டது யார் என்று பாருங்கள். பிள்ளைகள் வாழும் ரோமா குடியிருப்புக்குப் பக்கத்திலேயே இருந்து வருஷம் முழுக்க வேலை செய்கிற உள்ளூர் சபை என்றால் தாராளமாகப் போகலாம். வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி ஆள் அனுப்பும் அமைப்பு என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். செப்டம்பரில் பள்ளி திறந்த பிறகு இந்தப் பிள்ளைகளை வாராவாரம் பார்ப்பது யார்? முகாம் தலைவர்களில் ரோமா எத்தனை பேர்? இரண்டுக்கும் பெயரோடு பதில் வராவிட்டால் காசை உள்ளூர் சபைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதே மேல். வெளிநாட்டு ஆட்கள் வந்து பாடி, ஆடி, படம் எடுத்துக்கொண்டு போவதை அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு கோடையிலும் பார்த்திருப்பார்கள்.

அடுத்து, மனசில் இருக்கும் படத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்லோவாக்கியாவின் ரோமா மக்கள் நாடோடிகள் அல்ல. பெரும்பாலானோரின் குடும்பங்கள் பல தலைமுறைகளாக ஒரே ஊரில் இருப்பவை. மிச்சமிருந்த நாடோடி வாழ்க்கையையும் அன்றைய செக்கோஸ்லோவாக்கியா 1958-ல் சட்டம் போட்டே நிறுத்தியது. சுவிசேஷம் கேட்காதவர்கள் என்பதும் தப்பு. பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்ற ரோமன் கத்தோலிக்கர், கிழக்கில் கிரேக்கக் கத்தோலிக்கரும் (போப்பை ஏற்று, கீழை வழிபாட்டு முறையைப் பின்பற்றுபவர்கள்) உண்டு, பெந்தெகொஸ்தே சபைகளும் வளர்ந்திருக்கின்றன. கோஷிட்சே நகரின் லூனிக் 9 என்ற ரோமா அடுக்குமாடிப் பகுதியில் வேலை செய்வது நமக்குத் தெரிந்த சலேசியர்கள்தான், தொன் போஸ்கோ பள்ளிகளை நடத்துகிற அதே சபை. போப் பிரான்சிஸ் 2021 செப்டம்பரில் அங்கே நேரில் போனார். நீங்கள் பெந்தெகொஸ்தே, பிள்ளை கத்தோலிக்கன் என்றால் ஞானஸ்நானம், மாதா, ஜெபமாலை பற்றிய விவாதத்தை முகாமில் தொடவே தொடாதீர்கள். பாட்டியின் சுவரில் மாதா படம் மாட்டியிருக்கும். அதைக் குறை சொன்னால் மறுநாள் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.

விசா வேலையை மார்ச்சிலேயே தொடங்குங்கள். குறுகியகால ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது போட்டாக வேண்டும். மே, ஜூனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது, ஷெங்கன் நாடுகள் முழுக்கச் செல்ல வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 வருஷத்துக்குள் கொடுத்ததாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். புடாபெஸ்டில் இறங்கி ரயிலில் 4 மணி நேரத்துக்குள் கோஷிட்சே போய்விடலாம் என்பதால் பலர் அந்த வழியைப் பிடிக்கிறார்கள், அது சரிதான். ஆனால் அதிக நாள் தங்குவது ஸ்லோவாக்கியாவில் என்றால் விசாவும் ஸ்லோவாக்கியாவிடம்தான் கேட்க வேண்டும். ஹங்கேரி விசா சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே போடுவதும், "சுற்றுலா" என்று எழுதிவிட்டு முகாமுக்குப் போவதும் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். அழைப்புக் கடிதத்தில் முகாமின் தேதி, இடம், சம்பளம் இல்லை என்பது, தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பது எல்லாம் தெளிவாக இருக்கட்டும். அழைப்பவர் அங்குள்ள வெளிநாட்டினர் காவல் பிரிவில் அழைப்பை உறுதிசெய்து அனுப்பினால் பலம் கூடும். போய்ச் சேர்ந்ததும் 3 வேலை நாளுக்குள் அந்தப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள், சபை வீட்டில் தங்கினால் யாராவது நினைவில் வைத்திருந்து செய்ய வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றிதழும் எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களோடு வேலை செய்யப் போகிறீர்கள். அதைக் கேட்காத முகாமைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகப்படலாம். முகாமுக்கு எழுதி வைத்த பிள்ளைகள் பாதுகாப்பு விதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, ஜெபம் செய்வதற்குக்கூட. தலையில் கை வைத்து ஜெபிப்பது நம் சபைகளில் பழக்கம். அங்கே கேட்காமல் வைக்கக் கூடாது, எதிர்பாலர் என்றால் வைக்கவே வேண்டாம். பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராத பிள்ளையின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. உடைந்த வீட்டின் முன்னால் வெறுங்காலோடு நிற்கும் குழந்தையின் படம் சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வேண்டுமானால் பிடிக்கும். அதே படம் சுற்றிச் சுற்றி அந்தக் குடும்பத்தின் போனுக்கே வந்து சேரும்.

தடுப்பூசியில் தட்டம்மையை முதலில் பாருங்கள். 2018-ல் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ரோமா குடியிருப்புகளில்தான் அது பரவியது. இரண்டு டோஸ் போட்டதற்குச் சான்று இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் ஏ ஊசியின் முதல் டோஸை கிளம்புவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போட வேண்டும். பல குடியிருப்புகளில் வீட்டுக்குள் குழாய் கிடையாது, பல குடும்பங்களுக்கு ஒரே பொதுக்குழாய். முகாம் காட்டோரம் என்றால் உண்ணி கடிக்கும், மூளைக்காய்ச்சல் பரப்பும் உண்ணி அங்கே உண்டு. முழு நீளக் கால்சட்டை போடுங்கள், இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், காது மடல் பின்புறம் பாருங்கள், ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள், தீக்குச்சி காட்டாதீர்கள். காய்ச்சாத ஆட்டுப்பாலிலும் அதே நோய் வரும், ஆசையாகக் கொடுத்தாலும் வேண்டாம். பகலில் 30 டிகிரி இருந்தாலும் மலையோரத்தில் இரவு 10 டிகிரிக்கு இறங்கும், சென்னைக்காரர்கள் ஸ்வெட்டர் இல்லாமல் போய் நடுங்குவார்கள். பேன், சிரங்கு வரும். எல்லார் முன்னாலும் தலையைப் பிரித்துப் பார்க்காமல், பெண் தலைவர் ஒருவர் தனியறையில் மருந்து ஷாம்பு போட்டுவிட ஏற்பாடு இருக்கட்டும். துண்டு, சோப்பு, செருப்பு இல்லாமல் வரும் பிள்ளைகளுக்கு 10 செட் கூடுதலாக வைத்திருங்கள். யார் கொண்டுவரவில்லை என்று கேட்காமல் எல்லார் கட்டிலிலும் முன்பே வைத்துவிடுவது நல்லது.

இனி பாடவேளை. முகாம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பிள்ளைகள் வீட்டில் ரோமானி பேசுகிறார்கள், பள்ளியில் ஸ்லோவாக், தெற்கே போனால் ஹங்கேரியன். ஆங்கிலம் கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லி ஒருவர் மொழிபெயர்த்தால் 20 நிமிஷத்தில் 10 நிமிஷச் சரக்குதான் போகும். ஆகவே 6 நிமிஷத்துக்கு மட்டும் தயார் செய்யுங்கள், மொழிபெயர்ப்போடு 12. ஒரு தடவைக்கு ஒரே வாக்கியம், அதுவும் முடிந்த வாக்கியம். மொழிபெயர்ப்பாளர் ரோமா வாலிபராக இருந்தால் அவர் வெறுமனே மொழிபெயர்க்காமல் தன் பாணியில் கதையை நீட்டுவார், நீட்ட விடுங்கள். கன்வென்ஷன் மேடைத் தொனியில் குரலை ஏற்றி "அல்லேலூயா சொல்லுங்கள்" என்றால் அங்கே யாருக்கும் எதுவும் ஏறாது, மொழிபெயர்ப்பாளர் பாவம் நடுவில் முழிப்பார்.

வசனத்தை ஆளுக்கு ஒன்றாக வாசிக்கச் சொல்லாதீர்கள். இது முக்கியம். ரோமா பிள்ளைகள் பலர் தனி வகுப்புகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் ஒதுக்கப்பட்டுப் படித்தவர்கள். இந்த ஒதுக்கலுக்காகவே ஐரோப்பிய ஆணையம் 2023-ல் ஸ்லோவாக்கியாவை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இழுத்தது. 15 வயதுப் பையனுக்கு வாசிப்பு தடுமாறும், தன் முறை வருகிறது என்று தெரிந்ததும் ஏதாவது கலாட்டா செய்து வெளியே போய்விடுவான். அடங்காப்பிடாரி என்று எழுதி வைப்பார்கள், விஷயம் அதுவல்ல. கதையை வாயால் சொல்லுங்கள், அவர்களை நடிக்க வையுங்கள். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடப்பவனாக நடிக்க யாருக்கும் ஆசை வராது, கள்ளராக எட்டுப் பேர் கை தூக்குவார்கள். அங்கிருந்தே பேச்சு கிளம்பும். எழுத்து வேண்டும் என்றால் கிழக்கு ஸ்லோவாக் ரோமானியில் வேதாகமப் பகுதிகள் கிடைக்கின்றன, வாசிப்பதைவிட ஒலிவடிவில் கேட்க வைப்பது எளிது.

பாட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு கீபோர்டு, ஒரு கிடார், நல்ல ஸ்பீக்கர் போதும். மெதுவான ஹல்காட்டோ, வேகமான சார்தாஷ் இரண்டு பாணியிலும் அவர்களுக்கே ஆராதனைப் பாடல்கள் இருக்கின்றன. நீங்கள் கஞ்சிராவோ தபேலாவோ வாசிக்கத் தெரிந்தவரானால் கூட உட்காருங்கள், முன்னால் நிற்காதீர்கள். விளையாட்டுக்கு 40 பேருக்கு 6 கால்பந்து, பம்பு, காற்றடிக்க 4 ஊசி, இரண்டு நிறத்தில் மேல்சட்டை. கிரிக்கெட் விதி விளக்குவதற்குள் பொழுது போய்விடும். கபடிக்குச் சாமான் வேண்டாம், கயிற்றில் 13-க்கு 10 மீட்டர் கட்டம் போட்டால் ஆயிற்று. ஆனால் அணியை ஊர்வாரியாகவோ குடும்பவாரியாகவோ பிரிக்காதீர்கள். இரண்டு குடும்பங்களுக்குள் ஏற்கெனவே பகை இருக்கும், பிடிக்கும்போது அது வெளியே வரும். அறை ஒதுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும், பட்டியலை உள்ளூர்த் தலைவர் பார்க்காமல் ஒட்டாதீர்கள்.

வயது வந்த பெண்பிள்ளைகளை இரவு தங்க அனுப்பப் பல குடும்பங்கள் சம்மதிக்காது. அண்ணனோ அத்தையோ கூட வந்தால் அனுப்புவார்கள். இதை எதிர்த்துப் பேசாமல் அத்தைக்கும் ஒரு கட்டில் போடுங்கள், சமையலறையில் அவர்தான் பெரிய துணையாக இருப்பார். 12 வயதுப் பெண் இடுப்பில் 3 வயதுத் தம்பியோடு வருவாள். திருப்பி அனுப்பினால் அவளும் போய்விடுவாள். சின்னவர்களுக்கு ஒரு மூலை, ஒரு பாய், ஒரு ஆள் என்று முதல் நாளே ஒதுக்குங்கள்.

சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, சூப், குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பு, உருளைக்கிழங்கு, பன்றிக்கறி. சுத்த சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், ரொட்டியும் சீஸும் தின்றே வாரத்தை ஓட்ட வேண்டிவரும். வீட்டுக்குக் கூப்பிட்டு மண்டியோடு காபியும் மரிக்லாவும் கொடுத்தால் மறுக்காதீர்கள். மாவு, உப்பு, சோடா, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து அடுப்புத் தகட்டின் மேலேயே சுடுவது மரிக்லா, தடித்த சப்பாத்தி மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் அவர்கள் வீட்டில் கை நனைப்பதில்லை, ஆகவே நீங்கள் சாப்பிடுவதைத் தெருவே கவனிக்கும். பதிலுக்கு இந்தியச் சாப்பாடு கேட்பார்கள். 40 பேருக்கு எலும்போடு கோழி 8 கிலோ, அரிசி 4 கிலோ, வெங்காயம் 3 கிலோ, மிளகாய்த்தூள் நம் அளவில் பாதி. மசாலாத்தூள் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய், பச்சைக் கறிவேப்பிலை எதுவும் ஐரோப்பிய எல்லைக்குள் போகாது, பிடுங்கிவிடுவார்கள்.

இந்தியர் என்றதும் "நம்ம ஆள்" என்று தோளில் கை போடுவார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், 1971 உலக ரோமானி மாநாடு ஏற்ற கொடியின் நடுவில் சக்கரம் இருப்பதும் அதனால்தான். தண்ணீருக்கு பானி, மூன்றுக்கு த்ரின் என்பார்கள். இந்தி தெரிந்தவருக்கு இது கை கொடுக்கும், தமிழ் மட்டும் தெரிந்தவர் சும்மா சிரித்துச் சமாளிக்கலாம். அவர்கள் எந்தச் சாதியிலிருந்து போனார்கள் என்று மட்டும் ஆராயாதீர்கள். வரலாற்றாசிரியர்களுக்கே தீராத விஷயம், நீங்கள் சொன்ன பதில் ஊருக்குள் தங்கிவிடும். ஜிப்சி, சிகான் இரண்டு சொல்லும் வேண்டாம், ரோமா என்றே சொல்லுங்கள். முகாம் ஆகஸ்டுக்கு நீண்டால் 2-ஆம் தேதி கொண்டாட்ட இரவு வைக்காதீர்கள். 1944-ல் அந்த இரவில்தான் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதைமுகாமில் நாஜிகள் 4,000-க்கு மேற்பட்ட ரோமா மக்களை விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். அதை எப்படி நினைவுகூர்வது என்பதை ரோமா தலைவர்கள் முடிவு செய்யட்டும்.

கடைசியில் காசு. மூன்றாம் நாளே ஒருவன் 5 யூரோ கடன் கேட்பான். கொடுத்தால் இரவுக்குள் பத்துப் பேர் வருவார்கள், கொடுக்காதவர் கெட்டவர் ஆவார். எல்லாத் தன்னார்வலருக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும்: "நான் காசு கொடுப்பதில்லை, பாஸ்டரிடம் பேசு." மிட்டாயைக் கூட்டத்தில் வீசாதீர்கள், சின்னவர்கள் மிதிபடுவார்கள். ஊர் திரும்பிய பிறகு நள்ளிரவில் மெசஞ்சரில் அழைப்பு வரும். தனிப்பட்ட கணக்கில் யாரையும் சேர்க்காமல், உள்ளூர்த் தலைவர் இருக்கும் பொதுக்குழுவில் மட்டும் பேசுங்கள். அடுத்த வருஷம் வருவேன் என்று டிக்கெட் எடுக்காமல் சொல்லாதீர்கள், நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். உதவி செய்ய நினைத்தால் பள்ளிப் பை, பஸ் பாஸ், குளிர்கால ஷூ என்று சபையின் கணக்குக்குச் செப்டம்பரில் அனுப்புங்கள். யாருக்கு எது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.