கண்ணுக்குள் போடும் ஊசி பாதுகாப்பானதா? அதனால் உண்மையில் பலன் உண்டா?

அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போடச் சொல்கிறார்கள், போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே காரணத்துக்காக என் இடது கண்ணில் இதுவரை பதினொரு ஊசி போட்டாயிற்று. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

முதல் ஊசிக்கு முந்தின இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் நடந்ததைப் பார்த்தால் அவ்வளவு பயந்ததற்கு வெட்கமாக இருந்தது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். அயோடின் கரைசலால் கண்ணைக் கழுவினார்கள். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கிளிப். "அந்தப் பக்கம் பாருங்க" என்றார் டாக்டர். கண்ணை யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஊசி கருவிழியில் இறங்குவதில்லை. அதன் ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில், லென்ஸும் விழித்திரையும் குறுக்கே வராத இடத்தில் இறங்குகிறது. உள்ளே போகும் மருந்து 0.05 மில்லி, ஏறக்குறைய ஒரு சொட்டு. அன்று மாலை கண் கரகரவென்று உறுத்தியதற்குக் காரணம்கூட ஊசி இல்லை, அந்த அயோடின்தான். ஆனால் அதைத் திட்டாதீர்கள், கிருமியைத் தடுப்பதில் முதல் வேலை அதனுடையது.

இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். கண்ணுக்குள் கிருமித் தொற்று வரலாம். வந்தால் பார்வையையே பறித்துவிடக்கூடியது. ஏறக்குறைய இரண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் இது நடக்கிறது. இது ஒரு ஊசிக்கான கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம், பல ஊசி போடுபவருக்கு அது கூடிக்கொண்டே போகும். வாயிலிருக்கும் கிருமி தெறித்து விழாமலிருக்க, ஊசி போடும்போது யாரும் பேசக்கூடாது என்று பல இடங்களில் விதியே வைத்திருக்கிறார்கள். அம்மா பயத்தில் ஏதாவது பேச ஆரம்பிப்பார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விழித்திரை கிழிவது, லென்ஸில் அடிபடுவது எல்லாம் மிக அரிது.

மறுநாள் வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால் பதற வேண்டாம். பார்க்கத்தான் கோரமாக இருக்கும், ஓரிரு வாரத்தில் தானே மறையும். ஒரு நாள் இரண்டு நாள் கரும்புள்ளிகள் மிதப்பதும் சகஜம். ஆனால் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, வெளிச்சம் பார்த்தால் கூசினாலோ, பார்வை மங்கிக்கொண்டே வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இந்த விஷயத்தில் மட்டும் வேண்டாம்.

பலன்? விழித்திரையில் கசியும் ரத்தக்குழாய்களைத் தூண்டிவிடும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைத்தான் இந்த மருந்துகள் கட்டிப்போடுகின்றன. வயதானவர்களுக்கு வரும் ஈர வகை மாகுலா சிதைவுக்கு (மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி) லூசென்டிஸ் என்ற இந்த வகை மருந்தைக் கொடுத்துச் செய்த மரீனா ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், ஊசி போட்டவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் பெரிய அளவில் பார்வை இழக்கவில்லை. ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் அது 62 சதவீதம்தான். மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பார்வைப் பலகையில் 15 எழுத்துகளோ அதற்கு மேலோ கூடுதலாகப் படிக்க முடிந்தது. அதற்கு முன்பு அந்த நோய்க்கு இப்படிப் பார்வையைத் திரும்பக் கொடுத்த மருந்து கிடையாது.

இதே வேலைக்குப் போடும் இன்னொரு மருந்து அவாஸ்டின் என்றால் "புற்றுநோய் மருந்தா?" என்று வீட்டில் அதிர்ச்சி கிளம்பும். ஆம், அது அதற்காக வந்த மருந்துதான். ஆனால் மாகுலா சிதைவில் அது லூசென்டிஸுக்கு இணையாக வேலை செய்ததை 2011-ல் கேட் ஆய்வு காட்டியது. அம்மாவுக்கு இருப்பதுபோன்ற சர்க்கரை வீக்கத்தில், பார்வை ஏற்கெனவே நிறையக் குறைந்திருந்தால் முதல் வருடத்தில் இதே வகையைச் சேர்ந்த ஐலியா என்ற மருந்து மேல் என்று 2015-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. குறைவு லேசாக இருந்தால் மூன்றும் ஒன்றுதான். அவாஸ்டின் பெரிய குப்பியிலிருந்து சின்னச் சின்ன அளவாகப் பிரிக்கப்படுவது, அதனால் எங்கே, எப்படிச் சுத்தமாகப் பிரிக்கிறார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. ஸ்டீராய்டு ஊசி என்றால் கண் அழுத்தமும் கண்புரையும் பின்னால் வரலாம், அதை வேறு கணக்கில் வையுங்கள்.

இப்போது என் முட்டாள்தனம். ஐந்தாவது ஊசிக்குப் பிறகு பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன். சரியாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு நான்கு மாதம் போகவில்லை. திரும்பப் போனபோது விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் நீர் பழையபடி நின்றது. மறுபடி ஊசி போட்டு வீக்கம் வடிந்தது, ஆனால் அந்த வரி இன்றுவரை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பதினொரு ஊசியும் செய்யாத கெடுதலைப் போடாத ஊசிகள் செய்தன. மருந்து சில வாரங்களில் கரைந்துவிடும், நோய் அங்கேயேதான் இருக்கும். நல்ல சேதி என்னவென்றால், சர்க்கரை வீக்கத்தில் முதல் வருடம்தான் ஊசி அதிகம். அடுத்தடுத்த வருடங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும். மாகுலா சிதைவுக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு.

போவதற்கு முன் இரண்டு விஷயம். அம்மாவுக்குச் சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இமையில் கட்டி, கண்ணில் பீளை இருந்தாலும் சொல்லுங்கள், முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஊசி போடுவார்கள். விழித்திரை ஏற்கெனவே எவ்வளவு பழுதாகியிருக்கிறது, எவ்வளவு திரும்ப எதிர்பார்க்கலாம் என்றும் நேரடியாகக் கேளுங்கள். செத்துப்போன செல்லை எந்த ஊசியும் எழுப்பாது.

இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடுகிறார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகச் சுத்தம் செய்து, தனித்தனி ஊசி, தனித்தனி மருந்து என்று இருக்க வேண்டும். எனக்கு அந்த அவசியம் வரவில்லை. வந்திருந்தாலும் ஒரு வாரம் இடைவெளி கேட்டிருப்பேன்.