சிவப்பு ஏறினால் குஞ்சு பொரியுமா?

கேள்வி: சிவப்புக் கேனரிக் குருவி ஜோடி வளர்க்கிறேன். பெட்டை இரண்டு ஈடு முட்டையிட்டு அடைகாத்தும் ஒரு குஞ்சுகூட இல்லை. ஆணின் நிறம் மங்கியதுதான் காரணம், தீனியில் கலக்கும் கலர் பவுடரைக் கூட்டுங்கள், இல்லையென்றால் நல்ல சிவப்பான ஆணை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் வியாபாரி. எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். அவர் கையில் இருப்பது பவுடரும் ஆண் குருவியும்; நோயையும் அதற்குத் தோதாகத்தான் கண்டுபிடிப்பார்.

காட்டுப் பறவையில் அவர் சொல்வதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் வீட்டு ஃபிஞ்ச் ஆண்களுக்குச் சாயம் பூசி, நிறத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார் பறவை ஆய்வாளர் ஜெஃப்ரி ஹில். 1991இல் வெளியான ஆய்வு. நிறம் கூட்டியவற்றுக்கு ஜோடி எளிதில் அமைந்தது. இயல்பிலேயே சிவந்தவை கூட்டுக்கு இரையும் அதிகம் கொண்டுவந்தன. சிவப்புக்கு மூலமான கரோட்டினாய்டு என்ற நிறமியைப் பறவையின் உடல் தானாக உண்டாக்காது, தேடித் தின்றாக வேண்டும். உங்கள் கூண்டிலோ அதைக் கலர் பவுடராக ஸ்பூனில் போடுவது நீங்கள். அங்கே சிவப்பு காட்டுவது உங்கள் தாராளத்தை, குருவியின் திறமையை அல்ல. அதுவும் போன முறை இறகு உதிர்த்து முளைத்தபோது போட்டதை. முளைத்து முடிந்த இறகில் இனி நிறம் ஏறாது. இப்போது கொட்டும் பவுடர் எச்சத்தில்தான் சிவக்கும்.

முட்டை கரு கட்டாத கூமுட்டையா, கரு கட்டிச் செத்ததா? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அடைகாத்த ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடி நின்றிருந்தால் தீனி, சூடு, ஈரப்பதம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் பெரும்பாலும் இணைசேர்க்கை சரியாக நடக்கவில்லை. ஆணைப் பிடித்து மல்லாத்தி அடிவயிற்றை ஊதுங்கள். எச்சத் துவாரத்தை இறகு அடர்ந்து மூடியிருந்தால் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், பிடுங்காதீர்கள். பெட்டைக்கும் அப்படியே. உட்காரும் குச்சி ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடும் குச்சியில் பிடிமானம் இல்லாமல் ஆண் நழுவிவிடும்.

மூன்றாவது ஈட்டுக்கு உடனே விடாதீர்கள், பெட்டை களைத்திருக்கும். அது தேறியபின் நடுவில் கம்பித் தடுப்புப் போடுங்கள். ஆண் இறக்கையைத் தளர்த்தி, விடாமல் பாடி, கம்பி வழியே பெட்டைக்கு ஊட்ட வேண்டும். அதுவரை சேர்க்க வேண்டாம்.

சிவப்பும் வேண்டுமென்றால், அடுத்த இறகு உதிரும் பருவத்துக்கு முன் எழுதுங்கள், பேசுவோம்.