கேட்கிறது, ஆனால் பதில் வரவில்லை என்றால் ஸ்பிளிட்டைப் பாருங்கள்

அமெச்சூர் (ஹாம்) வானொலியில், 14.195 மெகாஹெர்ட்ஸில் ஒரு தீவு நிலையம் தெளிவாகக் கேட்கிறது, 100 வாட்டில் ஒரு மணி நேரம் கூப்பிட்டும் பயனில்லை என்கிறீர்கள். அந்த நிலையத்துக்காரர் ‘அப் ஃபைவ் டு டென்’ (ஐந்து முதல் பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே கூப்பிடுங்கள்) என்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். அவர் பேசுவது 14.195, கேட்பது 14.200 முதல் 14.205 வரை. இப்படிப் பேசுவதும் கேட்பதும் வேறு வேறு அலைவெண்ணில் நடப்பதுதான் ஸ்பிளிட். பேசும் இடத்திலேயே கூப்பிட்டால் அவர் காதில் விழாது, மற்றவர்களின் திட்டுதான் மிஞ்சும்.

உங்கள் கருவியில் அலைவெண்ணை வைக்கும் வி.எஃப்.ஓ.க்கள் ஏ, பி என இரண்டு. கேட்பதற்கான ஏ 14.195-இல் இருக்கட்டும். பேசுவதற்கான பி-யை 14.202-இல் வைத்து ஸ்பிளிட்டை அழுத்துங்கள். உடனே கூப்பிட வேண்டாம். அவர் ஒருவருக்கு ‘ஃபைவ் நைன்’ (சிக்னல் தர மதிப்பெண்) கொடுத்ததும் பி-யில் கேட்டபடி டயலைத் திருப்பி, பதில் சொல்பவர் எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். நாலைந்து பேரைப் பிடித்தால் அவர் மேலே நகர்கிறாரா, கீழே இறங்குகிறாரா என்பது தெரிந்துவிடும். நகரும் பக்கமாக ஒரு கிலோஹெர்ட்ஸ் முந்திப் போய் நில்லுங்கள். உங்கள் முழு அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளப் பெயர்) ஒரே தடவை, பிறகு காது மட்டும். ‘யூரோப் ஒன்லி’ (ஐரோப்பியர் மட்டும்) என்றால் வாயே திறக்கக் கூடாது.

அடுத்து ஆன்டெனா. இன்வர்ட்டட் வி-யின் (தலைகீழ் V வடிவக் கம்பி ஆன்டெனா) உச்சி 5 மீட்டரில் இருந்தால் ஆற்றலில் பெரும்பகுதி நேரே வானத்துக்குத்தான் போகும். 10 மீட்டருக்கு ஏற்றுங்கள். இந்த 14 மெகாஹெர்ட்ஸ் பகுதியான 20 மீட்டர் பட்டைக்கு அது ஏறக்குறைய அரை அலைநீளம்.